உயர்தர இணைந்த கணிதம்: எந்தப் பாடம் எதில் தங்கியிருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது

கொழும்பில் சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: மட்ஸா, பயோவா, கொமர்ஸா? கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை என்றால் மட்ஸ் என்று அன்று இரவே முடிவாகிவிடும். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தப் பிள்ளை என்னத்தைப் படிக்கப் போகிறது என்று யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. முதல் தவணையில் இணைந்த கணிதத்துக்கு 20, 25 என்று புள்ளி வரும்போதுதான் பதற்றம் தொடங்குகிறது.

இந்த வழிகாட்டி அந்தப் பிள்ளைக்கும் வகுப்புக் காசு கட்டும் அம்மா அப்பாவுக்கும். இணைந்த கணிதத்தில் பிள்ளை இடறுகிற இடம் ஒன்று, அதற்கான காரணம் இருக்கிற இடம் வேறு. பதின்மூன்றாம் தரத்தில் தொகையீடு வரவில்லை என்று சோர்ந்துபோகிறவருக்கு, பார்த்தால் பன்னிரண்டாம் தரத்துப் பகுதிப் பின்னம்தான் வந்திருக்காது. எது எதில் தங்கியிருக்கிறது என்று தெரிந்து அந்த ஒழுங்கில் படித்தால் பாதி வேலை முடிந்தது.

பரீட்சையின் அமைப்பு

மட்ஸ் எனப்படும் பௌதிக விஞ்ஞானப் பிரிவின் வழக்கமான மூன்று பாடங்கள் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். உயர் கணிதம் தனிப் பாடம். அதை எடுப்போர் மிகக் குறைவு. வர்த்தகப் பிரிவில் வணிகப் புள்ளிவிபரவியல் இருக்கிறது. தொழினுட்பப் பிரிவில் தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் என்ற பாடத்துக்குள்ளும் கணிதம் வரும். இங்கே பேசுவது இணைந்த கணிதத்தை மட்டும்.

வினாத்தாள் இரண்டு. முதலாவது தூய கணிதம், இரண்டாவது பிரயோக கணிதம். ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம். வாசிப்பதற்கு மேலதிகமாக 10 நிமிடம். பகுதி அ-வில் 10 சிறு வினாக்கள், எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும், ஒன்றுக்கு 25 புள்ளி. பகுதி ஆ-வில் 7 வினாக்கள், அவற்றில் 5-ஐத் தெரிந்து எழுத வேண்டும், ஒன்றுக்கு 150 புள்ளி. ஆக ஒரு தாளுக்கு 1000 புள்ளி, இரண்டுக்கும் 2000. அதை 20 ஆல் வகுத்தால் 100 க்கு வரும் இறுதிப் புள்ளி. 75 க்கு ஏ, 65 க்கு பி, 55 க்கு சி, 35 க்கு எஸ். கல்குலேட்டருக்கு அனுமதி இல்லை.

7 இல் 5-ஐத் தெரிய 21 வழிகள் இருக்கின்றன என்பது சேர்மானம் படித்தவுடன் தெரியும். ஆனால் இந்தத் தெரிவுச் சுதந்திரத்தை நம்பிப் பாடங்களை விடுவது ஆபத்து. பகுதி அ-வில் தெரிவு இல்லை. நீங்கள் விட்ட பாடம் அங்கே 25 புள்ளியோடு காத்துக்கொண்டிருக்கும்.

முதற் படி: பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்கள்

சாதாரண தரம் எழுதி முடிந்ததும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தர வகுப்புகள் தொடங்கிவிடும். பெறுபேறு வரும் முன்னரே பாதிப் பேர் அங்கே இருப்பார்கள். போவதில் தவறில்லை. ஆனால் அந்த மாதங்களில் வகுப்பு ஓடுகிற வேகத்தைவிட முக்கியமான ஒரு வேலை வீட்டில் இருக்கிறது: சாதாரண தரத்து அட்சரகணிதத்தில் கை பழகுவது.

உங்களையே சோதித்துப் பாருங்கள். வர்க்கமூலம் 12 ஐயும் வர்க்கமூலம் 27 ஐயும் கூட்டினால் 5 தடவை வர்க்கமூலம் 3 என்று தாள் எடுக்காமல் சொல்ல வருகிறதா? மூன்று அட்சரகணிதப் பின்னங்களைப் பொதுப் பகுதிக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் எடுக்கிறது? மறைச் சுட்டி, பின்னச் சுட்டி, மடக்கை விதிகள், நிறைவர்க்கமாக்கல், காரணிப்படுத்தல் ஆகியவற்றில் எங்காவது தயங்கினால் அங்கேயே நின்று நாளுக்கு அரை மணித்தியாலம் செய்யுங்கள். சாதாரண தரக் கணிதத்தில் ஏ எடுத்தவர்களிலும் பலர் இங்கே மெதுவாகத்தான் இருக்கிறார்கள். ஏனென்றால் அந்தத் தாளில் அட்சரகணிதம் தவிர வேறு பல இடங்களிலும் புள்ளி சேர்க்கலாம்.

கேத்திரகணிதத் தேற்றங்களையும் தூக்கி எறிய வேண்டாம். வட்ட நாற்பக்கல், தொடலிக் கோணம், இயல்பொத்த முக்கோணி எல்லாம் சிக்கலெண்ணிலும் நிலையியலிலும் முன்னறிவிப்பு இல்லாமல் திரும்பி வரும்.

இரண்டாம் படி: பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தல்

மகரகமையில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகம்தான் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் தயாரிக்கிறது. இணைந்த கணிதத்துக்கான இப்போதைய பாடத்திட்டம் 2017 இல் பன்னிரண்டாம் தரத்துக்கு வந்தது. அதன்படி முதற் பரீட்சை 2019 இல் நடந்தது. ஆசிரியர் வழிகாட்டி தமிழில் அவர்களுடைய இணையத்தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. 138 பஸ் பிடித்து மகரகமை போகத் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கு என்று பெயர் இருப்பதால் மாணவர்கள் அதைத் தொடுவதே இல்லை. இது நல்ல வாய்ப்பை விடுவது. எந்தத் தேற்றத்துக்கு நிறுவல் வேண்டும், எதற்கு வேண்டாம், ஒரு பாடத்துக்கு எத்தனை பாடவேளை என்றெல்லாம் அதில் இருக்கிறது. பாடவேளை அதிகம் கொடுக்கப்பட்ட பாடத்துக்கு நீங்களும் அதிக நேரம் கொடுங்கள். வகுப்பில் சேர் எதை விட்டுவிட்டுப் போனார் என்பதும் அதைப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாம் படி: தூய கணிதத்தின் ஒழுங்கு

முதலில் சார்புகள், இருபடிச் சமன்பாடு, பல்லுறுப்பி, மீதித் தேற்றம், பகுதிப் பின்னம், சமனிலி. இவற்றோடு சமாந்தரமாகத் திரிகோண கணிதம். இந்த இரண்டு தொகுதியும் உறுதியாக வரும்வரை வகையீட்டுக்குப் போக அவசரப்பட வேண்டாம். முதல் மூன்று நான்கு மாதங்களை இதற்குக் கொடுப்பது நியாயம்.

பகுதிப் பின்னத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறில் ஒன்று என்பது 1/2 இலிருந்து 1/3 ஐக் கழித்தால் வருவது. பன்னிரண்டில் ஒன்று, 1/3 கழித்தல் 1/4. அப்படியென்றால் 1/(1×2), 1/(2×3), 1/(3×4) என்று 1/(99×100) வரை கூட்டினால் நடுவில் உள்ள எல்லாம் வெட்டுப்பட்டு 1 − 1/100, அதாவது 99/100 மிஞ்சும். தொடர்களின் கூட்டுத்தொகை என்ற பாடத்தில் நீண்ட வினாவாக வருவது இந்தச் சங்கதிதான். அதே பிரிப்பைச் செய்து ஒவ்வொரு துண்டையும் தொகையிட்டால் மடக்கை வரும். அது தொகையீட்டு வினா. 2019 முதல் வந்த முதலாம் தாள்களைப் புரட்டினால் தொடர் வழக்கமாக 12ஆம் வினாவிலும் தொகையீடு 15ஆம் வினாவிலும் இருக்கும். பாடம் ஒன்று சரியில்லாததால் 150 புள்ளி வினாக்கள் இரண்டு ஆட்டம் காணும்.

திரிகோண கணிதத்திலும் இதே கதை. கோண அலகான ஆரையனை ஏன் படிக்கிறோம் என்று பல பேருக்குக் கடைசிவரை தெரியாது. 180 பாகை பை ஆரையன் என்று மாற்றிக்கொண்டு போவார்கள். கோணம் பூச்சியத்தை நாடும்போது சைனைக் கோணத்தால் வகுத்தால் 1 ஐ நாடும் என்ற எல்லைத் தேற்றம் ஆரையனில் மட்டும்தான் உண்மை. அந்தத் தேற்றத்தில்தான் சைனின் பெறுதி கோசைன் என்பது தங்கியிருக்கிறது. அதில் சைன், கோசைன் சம்பந்தப்பட்ட வகையீடும் தொகையீடும் முழுக்கத் தங்கியிருக்கின்றன. இந்தச் சங்கிலியை ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்தவருக்குச் சூத்திரம் மறந்தாலும் திரும்பக் கட்டிக்கொள்ள முடியும்.

இன்னொரு உதாரணம். சைன் வர்க்கத்தை 0 இலிருந்து பை வரை தொகையிடச் சொன்னால் பெரும்பாலானோர் இரட்டைக் கோணச் சூத்திரத்துக்குப் பாய்வார்கள். சரிதான். ஆனால் சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் சேர்ந்தால் 1, அந்த ஆயிடையில் இரண்டின் கீழும் உள்ள பரப்பளவு சமம், மொத்தம் பை, ஆகவே விடை பையின் அரைவாசி. இரண்டு வரி. இப்படிப் பார்க்கிற கண் வந்துவிட்டால் பகுதி அ-வில் நேரம் மிஞ்சும்.

எல்லை, வகையீடு, தொகையீடு என்ற ஒழுங்கை மாற்ற முடியாது. வகையீட்டில் சூத்திரங்களைவிட வரைபுக்கு நேரம் கொடுங்கள். சார்பு ஒன்றின் பெறுதியைக் காட்டி, திரும்பற் புள்ளிகளையும் அணுகுகோடுகளையும் கண்டு, வரைபைப் பரும்படியாக வரைவது 14ஆம் வினாவில் வழக்கமாக வரும். வரைபு அழகாக இருக்கத் தேவையில்லை. அணுகுகோட்டை எந்தப் பக்கமாக நெருங்குகிறது என்பது சரியாக இருக்க வேண்டும். அதே வினாவின் மறுபாதியில் வருகிற உயர்வு, இழிவுப் பிரசினத்தில் கடினம் வகையிடுவதில் இல்லை. ஒரு பெட்டியின் அல்லது தகரத்தின் கதையைச் சமன்பாடாக மாற்றுவதில்தான் இருக்கிறது.

சிக்கலெண்ணைத் திரிகோண கணிதம் தெரிந்த பிறகு தொட்டால் இலகு. ஒரு சிக்கலெண்ணால் பெருக்குவது ஆகண் வரிப்படத்தில் நீட்டிச் சுழற்றுவது. த மோய்வரின் தேற்றம் கோணக் கூட்டல் சூத்திரத்தின் மறுவடிவம். தாயங்கள் என்பவை எண்களை நிரை, நிரலாக அடுக்கிய அட்டவணைகள். இலகுவான புள்ளிகள், ஒரு வார இறுதியில் முடிக்கலாம். ஆனால் பெருக்கும் வரிசையை மாற்றினால் விடை மாறும் என்பதை மறக்கக்கூடாது. நேர்கோடும் வட்டமும் பயிற்சிக்குப் பயிற்சி பலன் தரும் பாடங்கள், அவற்றுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை.

வரிசைமாற்றமும் சேர்மானமும் மட்டும் தனிக்காட்டு ராஜா. வேறெதிலும் பெரிதாகத் தங்கியிருக்காது, ஈருறுப்பு விரிவுக்கும் நிகழ்தகவுக்கும் மட்டும் உதவும். சிலருக்கு முதல் நாளே வரும், சிலருக்குக் கடைசிவரை வராது. வராதவர்கள் அதில் மாதக்கணக்காக மல்லுக்கட்டுவதைவிடப் பகுதி அ-வுக்கு வேண்டிய அளவில் வைத்துக்கொண்டு நகரலாம். நான் விடச் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

கணிதத் தொகுத்தறிவு பற்றி ஒரு வார்த்தை. பகுதி அ-வின் முதல் வினாவாக வழக்கமாக வரும். 25 புள்ளியும் பெரும்பாலும் ஐந்து ஐந்தாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: ஒன்றுக்கு உண்மை எனக் காட்டல், எடுகோள், அடுத்ததற்கு உண்மை எனக் காட்டல், இறுதி வசனம். அட்சரகணிதத்தைச் சரியாகச் செய்துவிட்டு அந்த இறுதி வசனத்தை எழுதாமல் 5 புள்ளியை விட்டுவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

நான்காம் படி: பிரயோக கணிதம்

பிரயோக கணிதத்தைப் பதின்மூன்றாம் தரத்துக்குத் தள்ளிவைப்பது கொழும்பில் நிறைய நடக்கிறது. செய்யாதீர்கள். காவி, நேர்கோட்டு இயக்கம், வேக-நேர வரைபு ஆகியவற்றை முதல் வருடத்திலேயே தொடங்கலாம். பௌதிகவியல் வகுப்பில் இதே விஷயங்கள் அதே மாதங்களில் ஓடுவதால் இரட்டை இலாபம். ஒரே ஒரு எச்சரிக்கை: பௌதிகவியலில் சூத்திரத்தில் இலக்கத்தைப் போட்டு விடை எடுத்துவிடலாம், இங்கே எந்தத் தொகுதிக்கு, எந்தத் திசையில் நியூட்டனின் இரண்டாம் விதியைப் பிரயோகிக்கிறீர்கள் என்று எழுதாவிட்டால் புள்ளி போகும்.

முதலில் படம். தாளின் கால்வாசி இடத்தை எடுக்கிற பெரிய படம். விசைகளுக்கு ஒரு படம், ஆர்முடுகலுக்கு வேறொரு படம். ஆப்பின் மேல் துணிக்கை வழுக்குகிற வினாவில் இரண்டையும் ஒரே படத்தில் திணிப்பவர்தான் குழம்புகிறார்.

தொடர்பு வேகத்தைக் கொழும்புக் கடலில் வைத்துப் பார்க்கலாம். ஒரு கப்பல் மேற்கே மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது, இன்னொன்று வடக்கே மணிக்கு 5. ஒன்றிலிருந்து பார்ப்பவருக்கு மற்றது மணிக்கு 13 கிலோமீற்றரில் நகர்வதாகத் தெரியும். ஒரு கப்பலை நிறுத்திவைத்துவிட்டு மற்றதை அந்த 13 உடன் ஒரே நேர்கோட்டில் ஓடவிட்டால் மிகக் கிட்டிய தூரம், அதற்கு எடுக்கும் நேரம் எல்லாம் ஒரு செங்கோண முக்கோணியில் முடிந்துவிடும். இரண்டையும் ஓடவிட்டுச் சமன்பாடு எழுதினால் பக்கம் நிரம்பும்.

எறியத்தில் பழைய நண்பர் வருகிறார். வேகம் தரப்பட்டு, ஒரு குறித்த இலக்கைத் தாக்க வேண்டிய எறிகோணத்தைக் கேட்டால், தான்சனில் ஒரு இருபடிச் சமன்பாடு கிடைக்கும். இரண்டு மெய்த் தீர்வு என்றால் இரண்டு கோணம். மெய்த் தீர்வு உண்டா என்று காட்டும் பிரித்துக்காட்டி மறை என்றால் அந்த வேகத்தில் இலக்கைத் தொடவே முடியாது. கிடைத்தளத்தில் 30 பாகையும் 60 பாகையும் ஒரே வீச்சைத் தருவது இதனால்தான். பன்னிரண்டாம் தரத்து முதல் மாதத்துப் பிரித்துக்காட்டி இரண்டாம் தாளில் வந்து நிற்கிறது.

நிலைக்குத்து வட்ட இயக்கத்தில் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இழையில் கட்டிய துணிக்கை முழு வட்டம் அடிக்க, கீழ்ப்புள்ளியில் அதன் வேகத்தின் வர்க்கம் ஈர்ப்பு ஆர்முடுகல், ஆரை ஆகியவற்றின் பெருக்கத்தின் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். இழைக்குப் பதில் இலேசான கோல் என்றால் நான்கு மடங்கைத் தாண்டினால் போதும். இழை இழுக்க மட்டும் செய்யும். மேற்புள்ளியில் இழுவை பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது. கோலோ தள்ளவும் செய்யும். மேலே வேகம் இருந்தால் சரி. இந்த வித்தியாசம் புரிந்தவருக்கு, மீள்தன்மை இழையில் எளிமை இசை இயக்கம் எங்கே முடிகிறது என்பதும் புரியும்: இழை தளர்ந்த கணத்திலிருந்து அது வெறும் புவியீர்ப்பின் கீழ் இயக்கம். வழக்கமாக 13ஆம் வினாவின் மையம் அந்தக் கணம்தான்.

நிலையியல் பலர் நினைப்பதைவிட இலகு. மூன்று விசைகள் சமநிலையில் இருந்தால் அவை ஒரு முக்கோணியாக மூடும். அந்த முக்கோணியில் சைன் நெறியைப் போட்டால் அதுவே லாமியின் தேற்றம். சட்டப்படலில் போவின் குறிப்பீட்டைப் பயன்படுத்தித் தகைப்பு வரிப்படம் வரைய அளவுகோலும் பொறுமையும் போதும். திணிவு மையத்தில் திண்மக் கூம்புக்கு அடியிலிருந்து உயரத்தின் 1/4, திண்ம அரைக்கோளத்துக்கு மையத்திலிருந்து ஆரையின் 3/8, அரைக்கோள ஓட்டுக்கு ஆரையின் 1/2 என்பவற்றைத் தொகையீட்டால் நிறுவத் தெரிந்திருக்க வேண்டும். 16ஆம் வினா பெரும்பாலும் அந்த நிறுவலோடு தொடங்கும். அதற்கான புள்ளி உங்கள் கையில்.

நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் 17ஆம் வினா. கடைசியில் வருவதால் வகுப்புகளில் அவசர அவசரமாக முடிக்கப்படும் பாடம். மர வரிப்படத்தை ஒழுங்காக வரையத் தெரிந்தால் பேயிஸின் தேற்றத்தைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஐந்தாம் படி: வகுப்பும் வீடும்

தியறி, ரிவிஷன், பேப்பர் என்று மூன்று வகை வகுப்பு. மூன்று பாடத்துக்கும் மூன்று வகைக்கும் போனால் சனி, ஞாயிறு முழுவதும் காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸிலேயே கழியும். இணைந்த கணிதத்துக்கு ஒரு தியறி வகுப்புப் போதும். பாடசாலை ஆசிரியர் நன்றாகப் படிப்பிக்கிறார் என்றால் அதுகூடத் தேவையில்லை. பேப்பர் வகுப்பு கடைசி ஆறு மாதத்தில் உதவும்.

வகுப்பில் சேர் பலகையில் செய்யும்போது எல்லாம் புரிவதுபோல் இருக்கும். அன்றிரவே குறிப்பை மூடிவைத்துவிட்டு அதே கணக்கை வெறுந்தாளில் தொடக்கத்திலிருந்து செய்து பாருங்கள். எந்த வரியில் நிற்கிறீர்களோ, அந்த வரி எந்தப் பாடத்துக்குரியது என்று ஓரத்தில் எழுதுங்கள்: பகுதிப் பின்னம், கோணக் கூட்டல், சமனிலி. ஒரு மாதத்தில் அந்த ஓரக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று தெளிவாகத் தெரியும். வீட்டில் இடமில்லை, சத்தம் என்றால் வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது.

தமிழ் மொழிமூலத்தில் படிக்கலாமா, ஆங்கிலத்துக்கு மாறலாமா என்று கொழும்புப் பெற்றோர் நிறையவே யோசிக்கிறார்கள். சாதாரண தரம் வரை தமிழில் படித்த பிள்ளையை இந்த இரண்டு வருடத்துக்காக மாற்ற வேண்டாம். பொறியியல் பீடத்தில் ஆங்கிலம்தான், ஆனால் கணிதத்தைப் பொறுத்தவரை அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம்.

ஆறாம் படி: கடந்தகால வினாத்தாள்

2019 முதல் வந்தவற்றை நேரம் வைத்துச் செய்யுங்கள். அதற்கு முந்தியவற்றைப் பாடவாரியாகப் பிரித்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணக்குகள் நல்லவை, ஆனால் பழைய பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டவை. பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை வினாத்தாளோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். விடையைச் சரிபார்ப்பதற்கு மட்டுமென்றால் அது வீண். எந்த வரிக்கு 5, எந்த வரிக்கு 10 என்று பாருங்கள்.

நேரக் கணக்கு இலகு. 180 நிமிடத்தைப் புள்ளிகளின்படி பிரித்தால் பகுதி அ-வுக்கு 45 நிமிடம், அதாவது சிறு வினா ஒன்றுக்கு நாலரை நிமிடம். நீண்ட வினா ஒன்றுக்கு 27 நிமிடம். வாசிப்பு நேரத்தில் 7 இல் எந்த இரண்டை விடுவது என்று முடிவெடுத்துவிடுங்கள். எழுதத் தொடங்கிய பிறகு மாற்றுவது நட்டம். 30 நிமிடத்தைத் தாண்டிய வினாவை அப்படியே விட்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்தாவது வினாவின் முதல் இரண்டு பகுதிகளில் கிடைக்கும் புள்ளி, நாலாவதின் கடைசி வரியில் கிடைப்பதைவிட எப்போதும் அதிகம்.

பெறுபேறு வந்த பிறகு

பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளிதான் கணக்கு. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து நியம விலகலால் வகுப்பது. 17ஆம் வினாவில் படித்ததேதான். ஒரு பாடத்தில் இடை 40, நியம விலகல் 15 என்று வைத்துக்கொண்டால் 70 புள்ளிக்கு இசட் 2. இடை 55, நியம விலகல் 10 என்றால் அதே 70 க்கு 1.5. மூன்று பாடங்களின் சராசரிதான் இறுதி இசட் புள்ளி. மற்றவர்களுக்குப் பொதுவாகப் புள்ளி குறைவாக வரும் பாடத்தில் நல்ல புள்ளி எடுப்பது இதனால்தான் இலாபம்.

பொறியியலுக்கு மொறட்டுவை, பேராதனை, றுகுணை, ஜயவர்தனபுர, தென்கிழக்கு, கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம் ஆகியவை இருக்கின்றன. இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகின்றன. கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி பொறியியலுக்கு உயரமாகவே இருக்கும், அதனால் விண்ணப்பப் படிவத்தில் பௌதிக விஞ்ஞானம், கணிய அளவையியல் போன்ற கற்கைநெறிகளையும் யோசித்து வரிசைப்படுத்துங்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறை வரை எழுதலாம். இரண்டாம் முறை எழுதுவோர் முதலாம் தரத்துப் பாடம்போல மறுபடி தியறி வகுப்பில் முதல் பெஞ்சில் போய் உட்கார வேண்டியதில்லை. முதலில் பிரயோக கணிதத்தை எடுங்கள். அங்கே வினாக்களின் வகை குறைவு, படம் போடும் பழக்கம் வந்தால் புள்ளி சீக்கிரம் ஏறும். அப்புறம் ஓரக் குறிப்புக் கொப்பியைப் பார்த்துத் தூய கணிதத்தில் எந்தப் பாடம் மற்றவற்றை இழுத்து விழுத்துகிறதோ அதற்குப் போங்கள்.